பத்து ரூபாய்க் காசும் என் மிட்டாய் மெஷினும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை மதியம். வேலூர் ஆற்காடு ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில், சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வருகிறவர்கள் தங்கும் லாட்ஜ் ஒன்றின் வாசல் கூடத்தில் காசு போட்டுத் திருகினால் சாமான் தரும் என் மெஷினைத் திறந்து வைத்துக்கொண்டு, பொம்மை அடைத்த உருண்டை டப்பாக்களை நிரப்பிக்கொண்டிருந்தேன். மூடிப் பூட்டின உடனே ஒரு சின்னப் பெண், ஆறு வயசு இருக்கும், வந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். காசு போடாமல் அது திரும்பாது. அவளுடைய அப்பா வங்காளத்திலிருந்து வந்தவர். போனை எடுத்து மெஷினுக்கு முன்னால் நீட்டினார், அப்புறம் பக்கவாட்டில் பார்த்தார், குனிந்து அடியில்கூடப் பார்த்தார். ஸ்கேன் பண்ணும் ஸ்டிக்கரைத் தேடுகிறார் என்று எனக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. அவர் சட்டைப்பையில் ஒரு காசுகூட இல்லை.

மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த லாட்ஜ்காரர், பாய் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம், டிராயரைத் திறந்து 10 ரூபாய் நாணயம் ஒன்றை எடுத்து அந்தப் பெண்ணிடமே கொடுத்தார். அப்பா பாயின் போனுக்கு 10 ரூபாய் அனுப்பினார். அவள் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பள்ளத்தில் வைத்து, இரண்டு கையாலும் திருகினாள். கர்ரக், கர்ரக், கர்ரக். உள்ளே டொக்கென்று விழுந்த சத்தம் கேட்டதும் யார் முகத்தையும் பார்க்காமல் சின்னக் கதவைத் தூக்கிக் கையை உள்ளே விட்டாள்.

இந்தத் தொழிலுக்கு இனிமேல் எதிர்காலம் இருக்கிறதா என்று என்னிடம் இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஒருவர் வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கலாமா என்றே கேட்டார். அவர்களுக்குச் சேர்த்து இதை எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

எனக்குக் காட்பாடி காந்தி நகரில் ஒரு ஸ்டேஷனரி கடை. 2017இல், தொழிலை விட்டுப் போகிற ஒருவரிடம் நாலு பழைய மிட்டாய் மெஷின்களைச் சென்னையில் வாங்கி வந்தேன். இப்போது 11 இருக்கின்றன. சத்துவாச்சாரி, பாகாயம், காட்பாடி, அப்புறம் ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள லாட்ஜுகள். வாரத்துக்கு ஒரு நாள் டி.வி.எஸ்.ஸில் இரண்டு பையை மாட்டிக்கொண்டு ஒரு சுற்று வந்தால் வேலை முடிந்தது.

மெஷின் என்று சொல்கிறோமே தவிர அதில் கரண்ட் கிடையாது, பேட்டரி கிடையாது. கைப்பிடிக்குப் பின்னால் ஒரு வட்டத் தகடு, அதில் காசு உட்காரும் அளவுக்கு ஒரு பள்ளம். காசு இல்லையென்றால் அந்தப் பள்ளத்தில் ஒரு கொக்கி விழுந்து தகட்டைப் பிடித்துக்கொள்ளும். சரியான காசு உட்கார்ந்தால் கொக்கி அதன் முதுகில் ஏறி வழுக்கிப் போய்விடும், தகடு திரும்பும், தகட்டோடு சேர்ந்து மேலே இருக்கும் துளைச் சக்கரமும் திரும்பி ஒரே ஒரு உருண்டையைக் குழாய்க்குள் தள்ளும். பாதியில் பின்னால் திருப்ப முடியாதபடி பல் சக்கரம் ஒன்று தடுக்கும், கர்ரக் என்ற சத்தம் அதனுடையதுதான். இவ்வளவுதான். நான் வாங்கின நாலில் மூன்று இன்னும் ஓடுகின்றன, வருஷத்துக்கு இரண்டு தடவை ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடுகிறேன்.

இதன் பாட்டன் 1888இல் நியூயார்க்கில் பிறந்தது. தாமஸ் ஆடம்ஸ் என்ற சூயிங்கம் வியாபாரி அங்கே உயரப் பாலத்தில் ஓடும் ரயிலின் பிளாட்பாரங்களில் காசு போட்டால் சூயிங்கம் தரும் பெட்டிகளை வைத்தார். உருண்டை பப்பிள்கம் தரும் மெஷின்கள் அதற்கு அப்புறம், 1900க்குப் பிந்தைய வருஷங்களில் வந்தன. வெகுகாலம் அமெரிக்கக் குழந்தைக்கு ஒரு பென்னி, அதாவது ஒரு சென்ட் காசு போதும், ஒரு உருண்டை. அந்தப் பென்னியை அச்சடிப்பதையே 2025 நவம்பரில் அங்கே நிறுத்திவிட்டார்கள். பென்னியிலிருந்து 25 சென்ட், அதிலிருந்து ஒரு டாலர் என்று மெஷின்கள் ஏறிக்கொண்டே போயின. காசின் மதிப்பு இறங்க இறங்க மெஷினுக்குள் இருக்கும் சாமானும் மாறியாக வேண்டும், இது அங்கே மட்டுமில்லை, எங்கே போனாலும் இதுதான் கதை.

ஜப்பான்காரர்கள் இதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். 1965இல் அமெரிக்க மெஷின்கள் அங்கே போய் இறங்கின. 1977இல் பந்தாய் என்ற பொம்மைக் கம்பெனி 100 யென் காசுக்கு, நல்ல பொம்மையாக, உருண்டைக்குள் வைத்துக் கொடுக்க ஆரம்பித்தது. குழந்தைகளுக்கு வந்த சாமான் பெரியவர்கள் சேகரிக்கிற சாமானாக மாறிப்போனது. 2021இல் டோக்கியோவின் இக்கெபுகுரோவில் ஒரே கடையில் 3,010 மெஷின்களை வரிசையாக வைத்து கின்னஸ் சாதனையும் செய்தார்கள். அந்த வீடியோவை நான் ராத்திரி உட்கார்ந்து எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை. மிட்டாயை விட்டுவிட்டுப் பொம்மைக்கு மாறினார்கள், கரண்ட் இல்லாமல் கையால் திருகுவதை மட்டும் விடவில்லை. அதுதான் என் மண்டையில் பதிந்தது.

சரி, நம் ஊருக்கு வருவோம். என் வயதுக்காரர்களுக்குக் காசு போடும் மெஷின் என்றால் காட்பாடி ஜங்ஷனில் கலர் கலராக லைட் சுற்றும் எடை மெஷின்தான். ஒரு ரூபாய் போட்டால் கெட்டி அட்டையில் எடையும் பின்பக்கம் ஒரு வரி ஜோசியமும் வரும். ரயிலுக்குக் காத்திருக்கும்போது அம்மாவின் சுருக்குப் பையிலிருந்து அந்த ஒரு ரூபாயை வாங்குவதற்கு நான் செய்த ஆர்ப்பாட்டம் இப்போதும் நினைவிருக்கிறது. எடை தெரிந்து எனக்கு என்ன ஆகப்போகிறது? காசு என் கையில் இருந்தது, நான் போட்டேன், எனக்கு அட்டை வந்தது. தெரு முனைப் பெட்டிக்கடையும் அப்படித்தான். 25 பைசாவுக்குத் தேன்மிட்டாய், 50 பைசாவுக்குக் கமர்கட். ஆறு வயதில் நாங்கள் எல்லாரும் வாடிக்கையாளர்கள். பெட்டிக்கடை ஆயா எங்களிடம் "இன்னா வேணும் சொல்லு, நின்னுகினே இருக்காத" என்று அதட்டுவாள், பெரியவர்களை அதட்டுவது மாதிரியே.

25 பைசா 2011 ஜூன் 30ஓடு செல்லாமல் போனது. 50 பைசா சட்டப்படி இன்னும் செல்லும், எந்தக் கடையில் வாங்குகிறார்கள்? அப்புறம் 2016இல் யு.பி.ஐ. வந்தது. 2025 ஆகஸ்ட் ஒரு மாதத்தில் மட்டும் நாட்டில் 2,000 கோடி முறைக்கு மேல் அப்படிப் பணம் கை மாறியிருக்கிறது. நானும் என் கடையில் அதைத்தான் வாங்குகிறேன், ரொம்ப வசதி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். குழந்தைகள் என் கடைக்குத் தனியாக வருவது குறைந்துவிட்டது. பென்சில் வேண்டுமென்றாலும் அப்பாவோ அம்மாவோ போனோடு வர வேண்டியிருக்கிறது. வந்தால் அப்பா என்னிடம் பேசுகிறார், அப்பா ஸ்கேன் பண்ணுகிறார், குழந்தை வேடிக்கை பார்க்கிறது. குழந்தையின் கையிலிருந்து காசு போய்விட்டது, அதைப் பற்றி யாரும் பேசி நான் கேட்கவில்லை.

ஸ்கேன் பண்ணும் மெஷினுக்கு மாறிவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். மாறிப் பார்த்தேன். ஒரு கம்பெனிக்காரர்கள் வந்து, இனிமேல் காசு மெஷின் எல்லாம் காயலான் கடைக்குத்தான் என்று சொல்லி ஒன்றை விற்றார்கள். 38,000 ரூபாய். என்னுடைய சாதா மெஷின் ஒன்று 6,000. புதியதில் மோட்டார், சின்னத் திரை, உள்ளே ஒரு சிம் கார்டு, மாதம் 300 ரூபாய் சந்தா. ஒரு உருண்டை 10 ரூபாய்க்குப் போனால் பொம்மையும் உருண்டை டப்பாவும் சேர்த்து 4 ரூபாய் அடக்கம், இடம் கொடுத்தவருக்கு இரண்டரை ரூபாய், எனக்கு மிஞ்சுவது மூன்றரை. அந்த 300 சந்தாவைக் கட்டவே 86 உருண்டை விற்க வேண்டும், அதற்கு மேல்தான் என் கூலி. இதை நான் முன்னாடியே உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்க வேண்டும். லாட்ஜின் கீழ்த்தளத்தில் சிக்னல் சரியாக வராது. பணம் போய்விடும், உருண்டை விழாது. ராத்திரி 11 மணிக்குப் போன் வரும், ஆஸ்பத்திரியில் யாரையோ படுக்க வைத்துவிட்டு வந்திருக்கும் மனுஷர், 10 ரூபாய்க்காக இல்லை, குழந்தை அழுகிறது என்பதற்காகக் கூப்பிடுவார். எனக்கு வெட்கமாக இருக்கும். கம்பெனிக்காரர்கள் ஆளை அனுப்புகிறோம் அனுப்புகிறோம் என்றார்கள், ஒருத்தரும் வரவில்லை.

நாலு மாதத்தில் நான் பார்த்தது பண நஷ்டம் மட்டுமில்லை. அந்த மெஷினில் அப்பா ஸ்கேன் பண்ணுவார், திரை மின்னும், உருண்டை விழும், குழந்தை எடுத்துக்கொண்டு போகும். மறுநாள் அந்தக் குழந்தை அதன் பக்கம் வராது. சாதா மெஷினில் அதே வயதுக் குழந்தை மறுநாள் காலையிலேயே வந்து கைப்பிடியைத் தொட்டுப் பார்க்கும், காசு இல்லாவிட்டாலும் பொம்மை எந்தப் பக்கம் நகர்கிறது என்று கண்ணாடியில் மூக்கை ஒட்டி நிற்கும். அந்த 38,000 ரூபாய் மெஷினை எடுத்துக் கடைக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.

அப்படியானால் காசுக்கு எங்கே போவது? இங்கேதான் எங்கள் பக்கத்து விஷயம் ஒன்று கைகொடுத்தது. வேலூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும், 10 ரூபாய் நாணயத்தைக் கொடுத்தால் கடைக்காரர் முகம் சுளிப்பார், பஸ்ஸில் சண்டையே வரும். செல்லாது என்று யாரோ கிளப்பிவிட்ட புரளி இன்னும் அடங்கவில்லை. 14 விதமான 10 ரூபாய் நாணயங்கள் இருக்கின்றன, எல்லாமே செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது, ஆனாலும் பூக்காரம்மா வாங்க மாட்டார். அதனால் ஒவ்வொரு கடை டிராயரிலும் மூலையில் ஒரு குவியல் தூங்கிக்கொண்டிருக்கும்.

நான் முதலில் 5 ரூபாய்க்குத்தான் மெஷினை வைத்திருந்தேன். அதில் ஒரே தொல்லை. பழைய வெள்ளை 5 ரூபாய் தடிமன், புதிய மஞ்சள் 5 ரூபாய் மெல்லிசு, இரண்டும் 23 மில்லிமீட்டர்தான், தடியன் சிக்கிக்கொள்வான். 2019க்கு அப்புறம் வந்த 5 ரூபாய் 25 மில்லிமீட்டர், பள்ளத்தில் உட்காரவே உட்காராது. கடைசியில் எல்லாத் தகட்டையும் கழற்றி 27 மில்லிமீட்டர் பள்ளத்துக்கு மாற்றினேன், 10 ரூபாய் நாணயத்துக்கு. ஒரே சிக்கல், 20 ரூபாய் நாணயமும் அதே 27. பன்னிரண்டு முனை இருந்தாலும் சில மெஷினில் ஏறிவிடுகிறது. குழந்தை தெரியாமல் அதைப் போட்டுவிட்டால் மீதி 10 ரூபாயைக் கொடுத்துவிடுங்கள், நான் தருகிறேன் என்று எல்லாக் கடையிலும் சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்போது நடப்பது இதுதான். கடைக்காரரிடம் போனில் 10 ரூபாய் அனுப்பினால் அவர் ஒரு காசு கொடுப்பார். காசு மெஷினுக்குள் போகும். வாரக் கடைசியில் நான் பெட்டியைத் திறந்து அவர் பங்கை எடுத்து வைத்துவிட்டு, மீதிக் காசை அவரிடமே கொடுத்து, என் போனுக்குப் பணம் வாங்கிக்கொள்கிறேன். அதே 30, 40 நாணயங்கள் டிராயருக்கும் மெஷினுக்கும் நடுவில் சுற்றிச் சுற்றி வருகின்றன. ஒரு காசில் யாரோ ஆணியால் ஒரு கோடு கிழித்திருக்கிறார்கள், லாட்ஜ் மெஷினில் அதை நான் ஐந்து தடவையாவது பார்த்திருப்பேன். ஸ்கேன் பண்ணினால் காசு தரும் மெஷின்களை 12 ஊர்களில் சோதித்துப் பார்க்கப் போவதாக ரிசர்வ் வங்கி 2023இல் அறிவித்தது. எனக்கு அந்த வேலையை லாட்ஜ் பாயே செய்துவிடுகிறார். கோயம்பேடு மார்க்கெட்டில் 10 ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் மெஷினை 2022இல் வைத்தபோது பெரியவர்கள் வரிசையில் நின்று போட்டுப் பார்த்ததையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன். காசு போட்டுச் சாமான் எடுக்கும் ஆசை நம் ஜனங்களுக்குப் போய்விடவில்லை.

மிட்டாயைப் பற்றிச் சொல்லவில்லையே. மிட்டாய் மெஷினில் உதிரி மிட்டாய்க்கு எங்கள் ஊரில் எதிர்காலம் இல்லை, இதைச் சொல்ல எனக்கு வருத்தம்தான். முதல் காரணம் வெயில். வேலூர் மே மாதத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும் மிட்டாய் முதலில் வியர்க்கும், அப்புறம் ஒன்றோடொன்று ஒட்டும், மேலே பார்த்தால் நன்றாக இருப்பது மாதிரி தெரியும், கையை விட்டால் அடியில் தேங்காய் அளவுக்கு ஒரே கட்டி. துளைச் சக்கரத்துக்கு மேலே உருண்டைகளைச் சமமாகத் தள்ளிவிட ஒரு சின்ன பிரஷ் இருக்கும், அதன் மயிர் எல்லாம் பாகில் ஒட்டி நின்றுவிடும். வெந்நீர் ஊற்றிக் கழுவி, காய வைத்து, திரும்பப் பூட்டுவதற்குள் எறும்பு வந்துவிடும். சீரக மிட்டாய் மட்டும் ஒட்டாமல் ஓடிற்று, ஆனால் ஒரு திருகலுக்கு ஒரு பிள்ளைக்கு நிறைய விழும், அடுத்த பிள்ளைக்குக் கொஞ்சம்தான் விழும், அது நியாயமாகப் படவில்லை.

இரண்டாவது காரணம் கலர். 2024 பிப்ரவரியில் ரோடமின்-பி என்ற துணிச் சாயம் இருக்கிறது என்று தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய் விற்பனைக்கே தடை போட்டார்கள். அதற்கு அப்புறம் எந்த அம்மா வந்தாலும் கண்ணாடியைப் பார்த்து "இது இன்னா கலருண்ணா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். சரியான கேள்வி. உதிரியாகக் கொட்டி வைத்த மிட்டாயில் யார் செய்தார்கள், எந்தத் தேதி என்று எதுவும் இல்லை, நான் என்ன பதில் சொல்வது? அந்த வருஷமே உதிரி மிட்டாயை நிறுத்திவிட்டேன். 2025 செப்டம்பரில் மிட்டாய்க்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதமாகக் குறைந்ததும் ஒரு நண்பர் திரும்ப ஆரம்பி என்றார். வரி குறைந்தால் வெயில் குறையுமா?

ஆக, பொம்மை. அதிலும் பழைய மாதிரி இல்லை. முன்பெல்லாம் சென்னை பாரிஸ் கார்னரில் சீனப் பொம்மைகளை மூட்டையாக அள்ளிக்கொண்டு வருவோம், ஒன்று ஒரு ரூபாய்க்குக்கூட விழும். 2021 ஜனவரி முதல் 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். இறக்குமதி வரி 20 சதவீதமாக இருந்தது 2020இல் 60 ஆகி, 2023இல் 70 ஆனது. நிறையப் பேர் இதனால்தான் தொழிலை விட்டார்கள். நான் அதைத் திட்ட மாட்டேன், அந்தப் பழைய பொம்மைகளில் பாதி கையில் எடுத்தவுடனே சக்கரம் கழன்று வரும், சின்னக் குழந்தை வாயில் போட்டால் என்ன ஆகும் என்று எனக்கே பயமாக இருந்தது. இப்போதும் மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குக் கொடுக்காதீர்கள் என்று தமிழிலும் இந்தியிலும் வங்காளத்திலும் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

அந்தச் சட்டத்திலேயே ஒரு வழியும் இருக்கிறது. மத்திய அரசின் கைவினைத் துறை ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்கள் செய்து விற்கும் பொம்மைகளுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் அந்த முத்திரையிலிருந்து விலக்கு உண்டு. அதைப் படித்த அன்றே பேரணாம்பட்டுக்குப் போனேன். நம் பக்கம் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு எல்லாம் தோல் ஊர். ஷூவுக்கு வெட்டினது போக மிஞ்சும் தோல் துண்டு கிலோ கணக்கில் கிடைக்கும். பதிவு அட்டை வைத்திருக்கும் ஒரு அக்கா அந்தத் துண்டுகளில் கட்டை விரல் அளவுக்கு யானை, ஆடு, ஆமை என்று தைத்துத் தருகிறார். ஆட்டுக்கு இரண்டு காது, நூலில் ஒரு வால், கண்ணுக்கு ஊசியால் இரண்டு பொத்தல், பாசி கீசி எதுவும் இல்லை, பிடுங்கி எடுக்க ஒன்றும் கிடையாது. முதலில் 7 ரூபாய் கேட்டார். பேசிப் பேசிக் குறைக்க எனக்கு மனசு வரவில்லை. நாள் முழுக்கக் குனிந்து தைக்கிற வேலை. ஆகவே இரண்டு லாட்ஜ் மெஷின்களில் மட்டும் இரண்டு காசு போட்டுத் திருகும் தகட்டை மாட்டி விலையை 20 ஆக்கினேன். விற்பனை குறையும் என்று எதிர்பார்த்தேன், குறையவில்லை, தினம் எட்டு ஒன்பது போகிறது. பெரியவர்களும் திருகுகிறார்கள். ஒருவர் நாலு ஆடு வரும் வரை திருகினார், ஊரில் நாலு பேரப் பிள்ளைகளாம்.

இடத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் மால், சூப்பர் மார்க்கெட் என்றுதான் ஓடுகிறார்கள். சூப்பர் மார்க்கெட்டில் என் மெஷினில் நாளைக்கு இரண்டு உருண்டை போனால் பெரிது, வாடகை மட்டும் அதிகம். அங்கே குழந்தையை இழுத்துக்கொண்டு எல்லாரும் வெளியே ஓடுகிறார்கள். காத்திருக்கிற இடம்தான் நம் இடம். அஸ்ஸாமிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்து ரிப்போர்ட்டுக்காக இருபது நாள் லாட்ஜில் கிடக்கும் குடும்பங்களில் நோயாளியோடு ஒரு குழந்தையும் இருக்கும், விளையாட இடமில்லாமல், பாஷை தெரியாமல். அந்தக் குழந்தை தானாக எழுந்து போய்ச் செய்கிற காரியம் ஒரு நாளில் வேறு என்ன இருக்கிறது?

இப்போது என் கவலை மண் ஊதல். காட்பாடிக்குப் பக்கத்தில் கரிகிரியில் மண்பாண்டம் செய்கிற ஒருவரிடம் சின்னக் குருவி மாதிரி ஊதல் செய்து தரச் சொல்லியிருக்கிறேன். வாயில் வைக்கிற சாமான் என்பதால் மேல் பூச்சு வேண்டாம், வெறும் சுட்ட மண் போதும் என்று முடிவு செய்தோம். முதல் பத்தைக் கொண்டுவந்து உருண்டைக்குள் போட்டு மெஷினில் ஏற்றித் திருகிப் பார்த்தேன். குழாயில் விழுகிற அடியில் மூன்று விரிசல் விட்டுவிட்டது. குடியாத்தத்தில் லுங்கித் தறிக்காரர்களிடம் கழிவு நூல் ஒரு பை வாங்கி வந்து சுற்றி வைத்துத் திரும்பப் பத்தைத் திருகினேன், ஒன்றுதான் போனது. வாலைக் கொஞ்சம் குட்டையாக்கி, கழுத்தைத் தடிமனாக்கித் தருகிறேன், வியாழக்கிழமை சூளை பிரிக்கும்போது வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்.